காரின் பின்புறத்து இரைச்சல்: அடக்குமுன் அறியவேண்டியவை

மோட்டார்க் கார் வைத்திருக்கும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. முன் ஆசனத்தில் இருப்பவர் சொல்வது பின்னால் இருப்பவருக்குக் கேட்பதில்லை. பின்னால் இருக்கும் அம்மம்மா ஏதேனும் கேட்டால், சாரதி தலையைத் திருப்பி, "என்ன சொன்னீர்கள்?" என்று வினவ நேரிடுகிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு வினாடியில் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடுகிறது. அந்த ஒரு வினாடியில் சாரதியின் கண் வீதியில் இல்லாதிருப்பது எத்துணை ஆபத்தானது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

இக்குறை இக்காலத்திற் பெரிதாக உணரப்படுவதற்குக் காரணங்கள் உள. முற்காலத்தில் ஓடிய மொறிஸ் மைனர் முதலிய சலூன் வகைக் கார்களில் பொதி வைக்கும் டிக்கி தனி அறையாக இருந்தது. பின் ஆசனத்தின் முதுகும் அதன் பின்னுள்ள தட்டும் அந்த அறைக்கும் பிரயாணிகளுக்கும் நடுவே ஒரு மறைப்பாக நின்றன. இன்று நம் வீதிகளில் மிகுதியாகக் காணப்படும் யப்பானியச் சிறு கார்களிற் பல, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் அமைப்புடையன. அவற்றில் டிக்கியும் ஆசனப் பகுதியும் ஒரே கூடம். பின் சில்லுகளின் மேலுள்ள உலோக வளைவில் எழும் ஒலி, தடையேதுமின்றி நம் காதுகளை வந்தடைகிறது.

வேகமும் மற்றொரு காரணம். 2011ஆம் ஆண்டிலே தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் அனுபவம் நம் குடும்பங்களுக்கும் வாய்த்தது. ஒரே சீராக ஓடும் காரில், மணிக்கு 40 அல்லது 50 கிலோமீற்றரைத் தாண்டியதும், எஞ்சினின் ஒலியை ரயரின் ஒலி மிஞ்சிவிடுகிறது. எஞ்சின் முன்னே இருக்க இரைச்சல் பின்னாலிருந்து வருவது ஏன் என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

இவ்விரைச்சலை அடக்குவதற்கென ஒட்டுத் தகடுகளும் நுரைப் பாய்களும் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கிப் பின்புறம் முழுவதையும் மூடிவிட்டால் அமைதி வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். பாதிப் பணத்தில் முழுப் பயனைப் பெறலாம் என்பதையும், ஆராயாமல் மூடுவது சில வேளை உயிருக்கே உலை வைக்கும் என்பதையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயா, இயல்பா?

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது பழமொழி. காரிலும் பழுது பின்னே வரும். அதன் ஓசை முன்னே வரும். ஆகவே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, இந்த ஓசை காரின் இயல்பா, அல்லது அதன் நோயின் அறிகுறியா என்பதே. அண்மையில் திடீரெனத் தோன்றிய ஓசையையும், வாரந்தோறும் வளர்ந்துவரும் ஓசையையும் ஒருபோதும் தகடு ஒட்டி அடக்க முயலலாகாது.

சில அடையாளங்களை அறிந்துவைப்பது நன்று. வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஊ' என்ற முழக்கம், வளைவிலே கார் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் மிகுந்தோ குறைந்தோ கேட்குமாயின், சில்லின் பெயரிங் தேய்ந்திருக்கக்கூடும். வளைவில் சுமை ஒரு பக்கத்துச் சில்லிலிருந்து மறு பக்கத்துச் சில்லுக்கு மாறுவதனால் அவ்வேறுபாடு உண்டாகிறது. குழியில் விழும்போதெல்லாம் 'டொக்' என்று அடித்தால், ஷொக் அப்சோபரையும் அதன் றப்பர்ப் புஷ்களையும் பார்க்கவேண்டும். ரயரின் முகப்பைக் கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், இரைச்சல் அங்கேதான் பிறக்கிறது. ரயர் ஏன் அவ்வாறு தேய்ந்தது என்பதைக் கராஜில் ஆராயச் செய்யவேண்டும்.

இவை எல்லாவற்றினும் கொடியது சைலன்ஸர்க் குழாயின் ஓட்டை. காரை முடுக்கும்போது பின்னாலிருந்து கரகரத்த உறுமல் எழுமானால், புகைக்குழாய் எங்கோ வெடித்திருக்கிறது என்று ஐயுறலாம். அப்புகையிலே காபனோரொட்சைட்டு வாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நம் குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவுடன் பிணைந்துகொள்கிறது. ஓடும் காரின் பின்னே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், பின்கதவின் றப்பர் விளிம்பு பழுதுபட்டிருந்தால் புகை உள்ளே இழுக்கப்படுவதும் உண்டு. பின் ஆசனத்திற் பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள் என்று நாம் எண்ணியிருக்க, அது உறக்கமாக இல்லாதிருக்கக்கூடும். இத்தகைய ஓசையை அடக்கிவிட்டு ஓடுபவர், தம்மை எச்சரிக்க வந்த மணியின் நாவைக் கட்டிவிட்டவராவார்.

வேறோர் ஓசையும் உண்டு. பின் யன்னல்களில் ஒன்றை மட்டும் திறந்துகொண்டு வேகமாகச் செல்லும்போது, காதை அமுக்கும் 'தும் தும்' என்ற துடிப்பு எழுகிறதல்லவா? வெறும் போத்தலின் வாயருகே ஊதினால் ஒலி பிறப்பதும் இதுவும் ஒன்றே. ஜேர்மனிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ற்ஸ் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த பரிவு என்னும் தோற்றப்பாடு இது. கார் போத்தலாகவும் யன்னல் அதன் வாயாகவும் அமைகின்றன. இதற்கு எந்தத் தகடும் வேண்டியதில்லை. மற்றொரு யன்னலைச் சிறிது திறந்தால் போதும்.

காசில்லா வைத்தியம்

நோய் இல்லையென்று கண்டபின், செலவற்ற காரியங்களை முதலிற் செய்யவேண்டும். டிக்கியிலுள்ள பொருள்கள் அனைத்தையும் வெளியே எடுத்துவிட்டு அதே வீதியில் ஒரு முறை ஓடிப் பார்க்கலாம். காரைத் தூக்கும் ஜக், சில்லு கழற்றும் சாவி, இறுகப் பூட்டப்படாத மேலதிகச் சில்லு ஆகியன எழுப்பும் சத்தமே பாதிக் குறையாக இருப்பதுண்டு. அவற்றைத் துணியிற் சுற்றி இறுக்கி வைத்தால் தீர்ந்துவிடும். இலக்கத் தகட்டின் ஆணிகள் தளர்ந்திருந்தால், பின்கதவை அடிக்கும்போது அது கலகலக்கும். பின்கதவு படியும் இடத்திலுள்ள றப்பர்க் குமிழ்கள் பலவற்றைத் திருகி உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும். கதவு இறுகப் படியாவிட்டால் அவற்றைச் சிறிது உயர்த்தலாம்.

ரயரின் காற்றழுத்தத்தையும் கவனிக்கவேண்டும். உற்பத்தியாளர் குறித்த அளவு, பெரும்பாலும் சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு மேற் காற்றடைத்த ரயர் விறைத்து நின்று, வீதியின் ஒவ்வொரு கல்லையும் காருக்குட் சொல்லும். புதிய ரயர் வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க. ஐரோப்பிய முறைப்படி ரயரில் ஒட்டப்படும் சீட்டில் டெசிபல் எண்ணொன்று காணப்படும். அது காருக்கு வெளியே, வீதியோரத்தில் அளக்கப்பட்ட ஒலி. உள்ளே கேட்கும் ஒலிக்கு அது நேரான அளவன்று.

மூன்று வேலை, மூன்று பொருள்

இனி எஞ்சிய இரைச்சலுக்கு வருவோம். கடைகளில் 'சவுண்ட் புறூஃப்' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் பொருள்கள் உண்மையில் மூவகைப்பட்டன. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. இதனை அறியாமையே வீண் செலவுக்குக் காரணம்.

முதலாவது, அதிர்வைத் தணிக்கும் தகடு. காரின் உடல் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள உருக்குத் தகட்டால் ஆயது. அகன்ற தட்டையான தகடு பறையின் தோலைப் போன்றது. வீதியின் அதிர்வு அதனைத் தட்ட, அது முழங்குகிறது. மேலதிகச் சில்லு வைக்கும் குழியும் டிக்கியின் பக்கச் சுவர்களும் இவ்வகையின. இத்தகட்டின் மேல் பியூற்றைல் றப்பரும் அதன்மேல் அலுமினியத் தாளும் கொண்ட ஒட்டுத் தகட்டை ஒட்டினால், உருக்கு வளையும்போது நடுவிலுள்ள றப்பர் இரு உலோகங்களுக்கிடையே நசிந்து இழுபடுகிறது. அப்போது அதிர்வின் சக்தி சிறிது சிறிதாக வெப்பமாகி மறைகிறது. மெல்லிய தகடுகளின் மேற் பூசிய படை அதிர்வைத் தணிப்பதை ஜேர்மனிய ஆராய்ச்சியாளர் ஹேர்மன் ஓபேர்ஸ்ற் 1952ஆம் ஆண்டில் விளக்கினார். அப்படையின் மேல் ஓர் உலோகத் தாளையும் சேர்த்தால் என்ன நிகழும் என்பதை அமெரிக்கரான எட்வேட் கேர்வின் 1959ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். இன்று நாம் வாங்கும் ஒட்டுத் தகடு அந்த ஆராய்ச்சி வழி வந்ததே.

இத்தகட்டைப் பற்றி மிக முக்கியமான செய்தி ஒன்றுண்டு. பறையின் தோலில் நடுவே கையை வைத்தால் முழக்கம் நின்றுவிடும். தோல் முழுவதையும் மூடவேண்டியதில்லை. அதுபோலவே, தட்டையான தகட்டின் நடுப்பகுதியில் நான்கிலொரு பங்கை மூடினாலே பெரும் பயன் கிடைத்துவிடும். எஞ்சிய முக்கால் பங்கையும் மூடுவதனால் வருவது சிறு பயனே. ஏற்கெனவே வளைத்து, வரிவரியாக மடித்து விறைப்பாக்கப்பட்ட உருக்குக்கு அதுவும் பெரும்பாலும் வேண்டியதில்லை. விரல் மொழியால் தட்டிப் பார்த்தால் விடை தெரியும். 'டங்' என்று நீண்டு ஒலிக்கும் இடத்திற்கு மருந்து தேவை. 'டப்' என்று உடனே அடங்கும் இடத்தை விட்டுவிடலாம்.

இரண்டாவது, ஒலியை மறிக்கும் பாரமான விரிப்பு. காற்றினூடே வரும் ஒலியை மறிப்பதற்குத் திணிவே வேண்டும். பாரமேற்றிய வைனில் விரிப்பு இவ்வகையினது. சதுர மீற்றருக்கு 5 கிலோகிராம் அளவில் அது விற்கப்படுகிறது. தடையின் திணிவை இரட்டித்தால் அதனூடு செல்லும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்பது பௌதிக விதி. எனினும் இவ்விரிப்பில் இடைவெளி இருத்தலாகாது. மறைப்பின் பரப்பில் நூற்றிலொரு பங்கு திறந்திருந்தாற்கூட, அம்மறைப்பு எவ்வளவு பாரமாயினும் 20 டெசிபலுக்கு மேல் மறிக்க இயலாது. ஓட்டை வாளியில் நீர் மொண்ட கதைதான்.

மூன்றாவது, ஒலியை உறிஞ்சும் பஞ்சு. நாருள்ள கம்பளமும், துளைகள் ஒன்றோடொன்று தொடர்புற்ற நுரையும் இவ்வகையின. ஒலி அவற்றின் நுண்துளைகளுட் புகுந்து உராய்வினாற் களைத்துப் போகிறது. இதற்கு ஓர் எல்லை உண்டு. வெப்பமான நம் காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்கிறது. மீடிறன் 1000 ஆயின் அலைநீளம் 35 சென்ரிமீற்றர். மீடிறன் 100 ஆயின் 3½ மீற்றர். பஞ்சு நன்றாக உறிஞ்ச வேண்டுமாயின் அதன் தடிப்பு அலைநீளத்தின் காற்பங்கை அணுகவேண்டும். எனவே ஒரு சென்ரிமீற்றர்ப் பஞ்சு 'இஸ்' என்ற கூரிய ஒலியைத் தணிக்குமேயன்றி, 'பூம்' என்ற தாழ்ந்த முழக்கத்தை ஒன்றும் செய்யாது. பொதிகளுக்குள் வைத்து வரும் வெண்ணிற நுரைப்பலகை இரண்டும் கெட்டான். அது பாரமுமற்றது, திறந்த துளைகளுமற்றது.

செய்யும் முறை

சிறு காரொன்றில் பயன் மிகுந்த இடங்கள், வரிசைப்படி, பின் சில்லுகளின் மேலுள்ள உள் வளைவுகள், மேலதிகச் சில்லுக் குழி, டிக்கியின் பக்கச் சுவர்கள், பின்கதவு என்பன. இவ்வரிசையிலேயே செய்துகொண்டு போய், போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடலாம். ரயரின் ஒலி நேரே மோதும் சில்லு வளைவை மட்டும் முழுவதும் மூடுவது தகும். அதன்மேல் பாரமான விரிப்பு வருமாயின், இரண்டுக்கும் நடுவே மென்மையான நுரைப்படை ஒன்று இருக்கட்டும். அல்லாவிடில் விரிப்பும் உருக்கும் ஒன்றாக அதிரும்.

கம்பளத்தையும் பிளாஸ்ரிக் மூடிகளையும் கழற்றும்போது, அவற்றைப் பிடித்திருக்கும் சிறு கொளுக்கிகளை உடைத்துவிடாமற் பார்த்துக்கொள்ளவேண்டும். உடைந்த கொளுக்கி புதியதோர் இரைச்சலாக மாறும். உருக்கைத் தூசும் எண்ணெயும் நீங்க மருந்துக்கடை ஸ்பிரிட்டாற் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் ஒட்டவேண்டும். தகட்டைச் சிறு உருளையால் அழுத்தி, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமற் செய்யவேண்டும். ஒட்டாமல் தொங்கும் தகடு வெறும் பாரமே. அலுமினியத் தாளின் விளிம்பு கத்தியைப் போன்றது, கையுறை அவசியம்.

கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்ப் பட்டியை மலிவு கருதிப் பயன்படுத்துவோரும் உளர். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகை செல்சியஸையும் அணுகுவதுண்டு. அவ்வெப்பத்தில் தார் இளகி வழியும். அதன் வாடை நாட்கணக்கில் நீங்காது. வீட்டு மெத்தைப் பஞ்சை அடைப்பதும் தவறு. அது நீரை உறிஞ்சி வைத்திருந்து, கடற்காற்றுப்படும் ஊர்களில் உருக்கைத் துருவுக்கு இரையாக்கும். தீயும் எளிதிற் பற்றும். வாகனங்களின் உட்புறத்துக்கென்று செய்யப்பட்ட, தீ பரவாத பொருளையே கேட்டு வாங்கவேண்டும்.

மூடக்கூடாத இடங்கள்

காரிலுள்ள ஒவ்வொரு துவாரமும் ஒரு காரணத்துக்காக வைக்கப்பட்டது. பின்கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் மழைநீர் வடிவதற்கானவை. அவற்றை அடைத்தால் கதவு உள்ளிருந்து உக்கத் தொடங்கும். பின் பம்பருக்கு உட்புறமாக, றப்பர் இதழ்கள் கொண்ட காற்றுப்போக்கி ஒன்று இருக்கும். முன்னால் நுழையும் காற்று அதன் வழியே வெளியேறுகிறது. அதனை மூடிவிட்டால் கதவுகள் எளிதிற் சாத்தமாட்டா. மழைக்காலத்தில் கண்ணாடிகளில் நீராவி படியும்.

டொயோட்டா பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களை வைத்திருப்போர் இன்னுமொன்றைக் கவனிக்கவேண்டும். அவற்றின் பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்று, பின் ஆசனத்தின் பக்கத்திலோ அடியிலோ உள்ள வாயின் வழியே உட்செல்கிறது. இரைச்சல் தணிக்கப் போட்ட விரிப்பு அவ்வாயை மூடினால், பற்றரி வெப்பமேறிப் பழுதாகும். அதன் விலை முழுக் காருக்கும் செய்யும் இரைச்சல் வேலையின் விலையிலும் பன்மடங்கு. ஹைபிரிட் பற்றரிக்குரிய செம்மஞ்சள் நிறக் கம்பிகளை எக்காரணம் கொண்டும் தொடுதல் ஆகாது. பின்தூண்களினூடே செல்லும் காற்றுப்பைகளும், ஆசனப் பட்டிகளின் பூட்டுகளும், பெற்றோல் பம்பின் மூடியும் தகடு ஒட்டும் இடங்களல்ல.

மாணவர்க்கு ஓர் ஆய்வு

இரைச்சல் குறைந்ததா என்பதைக் காதை மட்டும் நம்பிச் சொல்லலாகாது. செலவழித்த மனம் குறைந்ததாகவே எண்ண விரும்பும். கைத்தொலைபேசியில் ஒலியளக்கும் செயலிகள் உள்ளன. அவை காட்டும் எண் முற்றும் சரியானதன்று. ஆயினும் முன்னையதையும் பின்னையதையும் ஒப்பிட அது போதும். வீட்டிலுள்ள மாணவர்கள் இப்பணியை ஏற்கலாம். ஒரே வீதி, ஒரே வேகம், ஒரே ரயர் அழுத்தம். யன்னல்கள் பூட்டியும் குளிரூட்டி நிறுத்தியும் இருக்கவேண்டும். தொலைபேசியைப் பின் ஆசனத்தில் ஒரே இடத்தில் வைத்து, மும்முறை அளந்து சராசரி காண்க. அளப்பவர் சாரதியாக இருத்தலாகாது.

வந்த எண்ணைப் பொருள் கொள்வதிலும் நிதானம் வேண்டும். மூன்று டெசிபல் குறைந்தால் ஒலியின் சக்தி பாதியாகிறது. ஆனால் நம் செவிக்கு ஓசை பாதியாகத் தோன்ற ஏறத்தாழ பத்து டெசிபல் குறையவேண்டும். வீட்டிற் செய்யும் வேலையால் பொதுவாகக் குறைவது சில டெசிபல்களே. அதனை அற்பமென்று கருதவேண்டாம். இயல்பான பேச்சு ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல். நெடுஞ்சாலை வேகத்திற் செல்லும் சிறு காரின் உட்புறம் அதனிலும் உரத்தது. அந்நிலையிற் குறையும் மூன்று நான்கு டெசிபலும், முக்கியமாக அந்த 'பூம்' என்ற முழக்கம் நீங்குவதும், சொற்கள் தெளிவாகக் கேட்பதற்கும், நீண்ட பயணத்தில் சாரதி களைப்படையாமல் இருப்பதற்கும் உதவுகின்றன.

முழு அமைதி வேண்டுமென்று ஆசைப்படத் தேவையில்லை. பின்னால் வரும் நோயாளர் வண்டியின் சங்கும், அருகில் வரும் சைக்கிளின் மணியும், நம் சில்லிலிருந்தே எழும் புதிய முனகலும் சாரதியின் காதில் விழத்தான் வேண்டும். பயனற்ற இரைச்சல் குறையக் குறைய, பயனுள்ள ஓசைகள் தெளிவுறும். ஆதலால் தகடு வாங்கக் கடைக்குப் போகுமுன், ஒரு நாள் வானொலியை நிறுத்திவிட்டு, வீட்டாரில் ஒருவரைப் பின் ஆசனத்தில் இருத்தி, காரை மெல்ல ஓட்டிச் செல்லுங்கள். எந்த ஓசை, எங்கிருந்து, எப்போது எழுகிறது என்பதை அவர் ஒரு தாளிற் குறித்து வரட்டும். கடைக்குப் போவதா, கராஜுக்குப் போவதா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.